மாவிளக்குப் பந்தலுக்கு நான்கு வாசல்

ஆறுச்சாமிக் கவுண்டர் கோயில் பந்தலுக்கு உத்தரவு வாங்கப் பாலக்காட்டுத் தாலுக்காக் கச்சேரிக்கு வண்டி கட்டியது அந்த மாசியில் மூன்றாவது தடவை. முதல் தடவை பந்தலுக்குப் படம் எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை படத்தில் வாசல் ஒன்றுதான் இருக்கிறது, நான்கு வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை கிராமக் கணக்கு வைத்திருக்கும் அம்சம் அதிகாரியிடம் எழுத்து வேலை பார்க்கும் மேனவனைப் பிடித்து, நான்கு வாசல், ஒவ்வொன்றும் எட்டு முழம் அகலம், நூறு குடம் தண்ணீர், பத்துக் கூடை மணல் என்று எல்லாவற்றையும் வரைந்து வாங்கி, மடியில் வைத்தால் வியர்வை படும் என்று தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

ஹெட் குமஸ்தா கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தாலும் காகிதத்தை நிதானமாகத்தான் படிப்பார். படித்து முடித்து, எழுதாமல் காலியாக இருந்த ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

“ஓய் கவுண்டரே, எல்லாம் நன்னா இருக்கு. ஏழாம் காலம் மாத்ரம் ஒழிஞ்சு கிடக்கே.”

“அதுல என்னங்க சாமி கேட்டிருக்குது?” என்றார் ஆறுச்சாமி. தெரியாமல் கேட்கவில்லை. மேனவன் வாசித்துக் காட்டியபோதே தெரியும்.

“இதே ஸ்தலத்துல, இதே உத்சவத்துல, முன்னம் ஏதானும் ஆபத்து உண்டாயிருக்கான்னு கேட்டிருக்கு. உண்டுன்னா உண்டுன்னு எழுதும். இல்லேன்னா இல்லேன்னு எழுதும். வெறுமன விடப்படாது.”

“உண்டுன்னு எழுதுனா?”

“விசாரணை வரும். அது முடியற வரைக்கும் உத்தரவு கிடையாது.”

“இல்லீனு எழுதுனா?”

“ஒரு கஷ்டமும் இல்லை. கீழ ஒப்புப் போடணும். பின்னால பொய்யின்னு தெரிஞ்சா ஒப்புப் போட்டவன் மேல கேஸ் ஆக்கும்.” குமஸ்தா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “எங்கயோ ஒரு நாடகக் கொட்டகை எரிஞ்சு போச்சோல்லியோ, அதுலேர்ந்து மேல இருக்கறவாளுக்குத் தூக்கமில்லை. வியாழக்கிழமை ஆபீசரே நேரில வரார். பந்தலைக் கட்டி வையும். பொம்மனாட்டிகளை உள்ள உக்காத்தி வையும். மேளம் அடிச்சதும் எத்தனை நிமிஷத்துல வெளியில வராள்னு வாச்சை வச்சுண்டு பாப்பார். காகிதத்தையும் அன்னிக்கே வாங்கிக்கறோம்.”

ஆறுச்சாமி காகிதத்தைத் திரும்ப வாங்கித் தலைப்பாகைக்குள் வைத்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் துணியில் முடிந்த காப்பு இருந்தது. ஊருக்குக் கொத்துக்காரர் அவர். நோம்பி என்று ஊரில் சொல்லும் திருவிழாவை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. காப்புக் கட்டியவர் பொழுது இறங்குவதற்குள் ஊரெல்லைக்குள் வந்துவிட வேண்டும். அவிழ்க்கும் வரை சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. ஊரிலேயே ஒப்பாரிச் சத்தம் எழக் கூடாது. காப்புக் கட்டிவிட்டு நோம்பியை நிறுத்துவது என்ற பேச்சுக்கே எங்கள் பக்கத்தில் இடமில்லை. கச்சேரிக்கு இதெல்லாம் தெரியாது, சொன்னாலும் அதற்குக் காலம் எதுவும் போட்டு வைக்கவில்லை. அவர் காளைகளை ஓட்டிக்கொண்டு திரும்பினார்.

ஆலாம்பதியில் மாரியம்மன் நோம்பி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாம் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். நோம்பியன்று நானூறு ஐந்நூறு பெண்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்து மாவிளக்கு ஏற்றுவார்கள். பச்சரிசி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி வைத்தால் மாவிளக்கு. அதை ஊதி அணைக்கக் கூடாது, விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது. நெய் தீர்ந்து தானாக மலையேறும் வரை ஏற்றியவள் கூடவே இருக்க வேண்டும். பாதியில் அணைந்தால் வீட்டுக்கு ஆகாது.

ஆனால் மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. கட்டிய வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கிற காற்று அது. அதனால் பந்தலைச் சுற்றிப் பனையோலைத் தட்டி வைத்து அடைத்து, வாசல் ஒன்றோ இரண்டோ மட்டும் விடுவது பழக்கம். விளக்கு அணையாமல் இருப்பதைப் பற்றித்தான் எல்லாருக்கும் யோசனை. பனையோலை எரியும் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை, தோன்றவில்லை.

மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷத்து நோம்பியில் அது எரிந்தது. நாடே முழுகிய அந்த வெள்ளம் எங்கள் மேட்டுக்காட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓலை பொரிப்பொரியாகக் காய்ந்து கிடந்தது. பந்தல் எரிந்து விழ ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆறுச்சாமியின் மகள் வள்ளியாத்தாள் மட்டும் வரவில்லை. ஏழு வயது. தீ அவளைத் தொடவில்லை. வாசலில் மிதிபட்டுக் கிடந்தாள்.

யார் காலில் மிதிபட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பு இருந்ததால் அன்று அழவும் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அன்று மத்தியானமே புதைத்தார்கள். மறுநாள் நோம்பியை முடித்து வைக்கும் மஞ்சள் நீராட்டு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. காப்பு அவிழ்த்த பிறகாவது அழுதிருக்கலாம். மாரியாத்தா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழுதால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிகாரியின் சாவுப் புத்தகத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதியாயிற்று. காய்ச்சலில் செத்தவளுக்குப் பந்தல் தீ எதற்கு, விசாரணை எதற்கு. எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது, பெற்றவளைத் தவிர.

ஆறுச்சாமி வந்து சேர்ந்தபோது அவர் மனைவி மயிலாத்தாள் கிணற்றுமேட்டுக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சேலை முந்தியை மடியாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வெடித்த காய்களிலிருந்து பஞ்சைப் பிடுங்கி மடியில் போட்டபடி வரிசையில் நகர்ந்தாள். அந்தக் காற்றில் ஒரு கையால் எடுத்தால் பாதிப் பஞ்சு பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். அவர் வண்டியை அவிழ்த்துக் காளைகளுக்குத் தண்ணீர் காட்டும் வரை அவள் நிமிரவில்லை.

“சோறு உறியில இருக்குதுங்க. கம்பஞ்சோறுதான். கொள்ளுப் பருப்புக் கடைஞ்சிருக்கறேன்.”

“அப்பறம் திங்கறேன்.”

“குடுத்துட்டாங்களா?”

“இல்ல. வியாளக்கெளமை வந்து பாக்கறாங்களாம். பொம்பளைக அத்தனை பேரும் பந்தலுக்குள்ள உக்காரோணுமாம்.” அவர் வரப்பில் உட்கார்ந்தார். “அப்பறம் அந்தக் காயிதத்துல ஒரு எடம் எளுதாம உட்டிருந்தேன். அதைய எளுதோணும்.”

“என்ன எடமுங்க?”

காளை தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“முன்னால நோம்பில எதாச்சும் ஆபத்து நடந்துதான்னு கேட்டிருக்குது.”

மயிலாத்தாள் எடுத்த பஞ்சை மடியில் போட்டாள். அடுத்த காய்க்குப் போனாள்.

“என்ன எளுதப் போறீங்க?”

“என்னத்தையோ எளுதறேன்.”

“என்னத்தையோன்னா என்னங்க? என்ற புள்ளைய என்னத்தையோன்னு எளுதுவீங்களா?”

“உன்ற புள்ளைனா என்ற புள்ள இல்லியா, மயிலா?”

மூன்று வருஷமாக இந்த வீட்டில் இந்தப் பேச்சு இத்தனை தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது. அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அவள் பொழுது இறங்கும் வரை பருத்தி எடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆறுச்சாமியின் அண்ணன் பொங்கியண்ணன் வந்தார். அவருடைய பனந்தோப்பு ஓலையில்தான் எப்போதும் பந்தல். போன தடவை காற்று மிஞ்சுகிறது என்று இருந்த இரண்டு வாசலில் ஒன்றை அடைக்கச் சொன்னவரும் அவர்தான். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. மிதிபட்டுக் கிடந்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து வீடுவரை ஓடியவரும் அவர்தான். அதற்குப் பிறகு அந்தத் தோளில் அவர் துண்டு போட்டதே இல்லை.

“நாலு வாசலு உட்டா காத்து நாலு பக்கமும் வந்து வெளக்கெல்லாம் அணைஞ்சுபோயிரும்னு நெனைச்சேன்,” என்றார் வந்ததும். “வாசலுக்கு நேரா வெளிய ஒரு தட்டி மறைப்பு நிறுத்திக்கலாம். ஆளு சுத்தி வரலாம், காத்து நேரா வராது. செரி, அது கெடக்கட்டும். காயிதம் என்னாச்சு?”

ஆறுச்சாமி சொன்னார்.

“இதுல யோசிக்க என்ன இருக்குது? இல்லீனு எளுது.”

“பொய்யின்னு தெரிஞ்சா கேசாமுங்கண்ணா.”

“என்ன பொய்யி? அதிகாரி பொஸ்தகத்துல காச்சல்னு இருக்குது. ஆத்தா எடுத்துக்கிட்டா. ஆத்தா எடுத்துக்கிட்டதுக்குப் பேரு ஆபத்தாடா? அந்தக் கச்சேரிக்காரனுக்குப் போயி இதையெல்லாம் வெளக்கீட்டு இருப்பியா நீ? உண்டுன்னு எளுதுனா விசாரணை. நோம்பி நின்னுபோயிரும். கையில காப்பக் கட்டிக்கிட்டு நோம்பிய நிறுத்துன கொத்துக்காரன்னு உன்னையத்தான் சொல்லுவாங்க. ஊர்ல ஒரு கொளந்தைக்கு அம்மை போட்டாக்கூட உன்ற ஊட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.”

அவர் குரல் தணிந்தது.

“நான் அந்த வாசலை அடைச்சேன். அதையும் சேத்து எளுதுவியா? எளுதுனாலும் எளுது. எனக்கு இனி என்ன.”

எழுதினால் அண்ணன் மாட்டுவார், நோம்பி நிற்கும். எழுதாவிட்டால் மகள் காய்ச்சலில் செத்தவளாகவே போய்ச் சேர்வாள். கடைசியில் ஆறுச்சாமி வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் காகிதத்தை விரித்து, மேனவனிடம் வாங்கி வந்த மையில் பேனாவைத் தொட்டு, ஏழாம் காலத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அந்த மூன்று எழுத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் உலையில் கொதித்த தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. மயிலாத்தாள் சமையல்கட்டு நிலைப்படியில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பந்தல் தயாராக இருந்தது. நான்கு வாசல், மறைப்புத் தட்டிகள், சுற்றிலும் குடங்கள், மணல். ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருந்து முந்நூறு பெண்கள் வந்து உள்ளே உட்கார்ந்தார்கள். நோம்பி நாளுக்கு முன் விளக்கேற்றக் கூடாது என்று கோயில் பண்டாரம் சென்னிமலை சொல்லிவிட்டதால், தட்டத்தில் வெறும் மாவு உருண்டை மட்டும் வைத்திருந்தார்கள். திரியில்லை, நெய்யில்லை. பரீட்சைக்கு அதுவே போதும் என்று ஊரார் முடிவு செய்திருந்தார்கள்.

மயிலாத்தாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று வருஷமாக அவள் மாவிளக்குத் தட்டத்தைத் தொடவில்லை. அது துணியில் சுற்றி அட்டாலிப் பரண் மேல் கிடந்தது. அவள் பருத்திக்காட்டில் இருந்தாள். காட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு கரட்டு நிலம்தான். மேளம் அடித்தால் கேட்கும்.

ஆபீசர் ஜட்காவில் வந்து இறங்கினார். மலையாளத்துக்காரர். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. கூடவே ஹெட் குமஸ்தா. ஆபீசர் நான்கு வாசலையும் முழக்கோலால் அளக்கச் சொன்னார். குடங்களை எண்ணச் சொன்னார். ஒரு குடத்துத் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆறுச்சாமி காகிதத்தைக் கொடுத்தார். ஏழாம் காலத்தைக் குமஸ்தா பார்த்தார், பிறகு ஆறுச்சாமியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காகிதக் கட்டின் அடியில் வைத்துக்கொண்டார்.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தப்பட்டை முழங்கியது. பொங்கியண்ணன் வாசலுக்கு வாசல் ஓடி, “தீ, தீ, எந்திரிச்சு வாங்க” என்று கத்தினார்.

முந்நூறு பெண்களும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் குனிந்தார்கள். குனிந்து, ஒவ்வொருத்தியும் தன் தட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தீயும் இல்லை, விளக்கும் இல்லை. இருந்தாலும் மாவுருண்டை சாயாமல் ஒரு பக்கமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பிள்ளைகள் முந்தியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டன. எட்டு முழ வாசலில் தட்டத்தோடு தட்டம் இடித்தது. மாவு சிந்திவிடும் என்று முன்னால் போனவள் நின்றாள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். தெற்கு வாசலில் ஒரு குழந்தை விழுந்து வீறிட்டது. அதைத் தூக்க ஒரு கைகூட மிச்சமில்லை. ஜட்காக்காரன்தான் ஓடிப்போய் இழுத்து எடுத்தான்.

கடைசிப் பெண் வெளியே வந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

ஆபீசர் குமஸ்தாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். குமஸ்தா ஊராரிடம் திரும்பினார்.

“பனையோலைப் பந்தல் மூணு நிமிஷம்கூட நிக்காதுங்கறார். வாசல் நாலும் சரிதான், வரவா கைதான் சரியில்லை. அந்த மாவை எதுக்காக்கும் தூக்கிண்டு வராள்னு கேக்கறார்.”

சென்னிமலைப் பண்டாரம் முன்னால் வந்தார். “ஆத்தா வெளக்குங்க சாமி. மலையேறாம உட்டுட்டுப் போனா குடும்பத்துக்கு ஆகாதுங்க.”

“உசிர் போனா ஆகுமா?”

“ஆத்தா இருக்கறாங்க. அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க.”

ஆபீசர் குடையை எடுத்துக்கொண்டார். உத்தரவு இல்லை என்பதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறுச்சாமி காப்புக் கட்டிய கையைக் கூப்பிக்கொண்டு ஜட்காவுக்கு முன்னால் போய் நின்றார். “இன்னொரு வாட்டி பாருங்க சாமி, சீக்கிரமா வரச் சொல்றேன்.” பொங்கியண்ணன் பெண்களைப் பார்த்து, “ஓடி வாரதுக்கென்ன, காலு இல்லியா?” என்று சத்தம் போட்டார். பெண்கள் தட்டத்தைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார்கள்.

அப்போதுதான் மயிலாத்தாள் கரட்டு நிலத்தைத் தாண்டி வந்தாள். மேளம் கேட்டதும் அவளால் காட்டில் நிற்க முடியவில்லை. மடியில் பருத்தி அப்படியே இருந்தது. நேராக ஆபீசருக்கு முன்னால் வந்தாள். ஆம்பிளைகள் கூட்டத்தின் நடுவில் வந்து பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இல்லை. ஆறுச்சாமி, “ஊட்டுக்குப் போ, மயிலா” என்றார்.

“காயிதத்துல ஏளாவது எடத்துல எளுதியிருக்கறது பொய்யிங்க,” என்றாள் அவள்.

குமஸ்தா அடியிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

“போன நோம்பில இந்தப் பந்தல் எரிஞ்சுதுங்க. அதுல என்ற புள்ள செத்துப்போனா. காச்சல்ல இல்லீங்க. இந்தத் தெக்கு வாசல்ல.”

“மயிலா,” என்றார் பொங்கியண்ணன்.

“உங்களையச் சொல்ல வரலீங்க,” என்றாள் அவரைப் பார்க்காமலே. “வாசல அடைச்சதால இல்லீங்க. வாசல் பக்கத்துலதான் நான் உக்காந்திருந்தேன். எந்திரிச்சதும் வெளிய வந்திருக்கலாம். புள்ள என்ற முந்தியப் புடிச்சிருந்தா. ‘ஆத்தா, கையப் புடி’ன்னு ரெண்டு வாட்டி சொன்னா. என்ற ரெண்டு கைலயும் தட்டம் இருந்துதுங்க.”

அவள் கைகளை நீட்டிக் காட்டினாள். பருத்திக் காய் கீறி விரலெல்லாம் சிவந்திருந்தது.

“வெளக்கு அணையப்படாதுன்னு அதையே பாத்துக்கிட்டு வந்தேன். கோயில் படில கொண்டாந்து வெச்சேன். திரும்பிப் பாத்தா முந்தில புள்ள இல்லீங்க. அந்த வெளக்கு அன்னிக்கு நெம்ப நேரம் எரிஞ்சுது. அவளக் குளியில எறக்கீட்டு வந்து பாக்கறேன், அப்பவும் எரிஞ்சிட்டு இருந்துது. எல்லாரும் சொன்னாங்க, மயிலாத்தா வெளக்கு மாதிரி ஒண்ணும் எரியலீன்னு.”

ஆறுச்சாமிக்கு இது தெரியாது. நெரிசலில் பிள்ளை கைநழுவிப் போனாள் என்றுதான் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். கூப்பிய கை அப்படியே கீழே இறங்கியது. அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

ஆபீசர் கேட்டதைக் குமஸ்தா ஆறுச்சாமியிடம் சொன்னார். “இது நெஜமாங்கறார்.”

“செத்தது நெசமுங்க. மத்தது நான் இப்பத்தான் கேக்கறேன்.” அவர் ஆபீசர் பக்கம் திரும்பினார். “கையெளுத்து என்றதுங்க. பொய்யும் என்றதுதான். ஊருக்கு அதுல பங்கில்லீங்க.”

பொங்கியண்ணன் மனைவி நாச்சம்மாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கையில் தட்டம் இருந்தது.

“நான் அன்னிக்கு அவளுக்குப் பின்னால வந்தேனுங்க. காலுக்குக் கீள என்னமோ மெத்துனு இருந்துது. குனிஞ்சு பாக்கலீங்க. குனிஞ்சா வெளக்கு சாஞ்சிரும்.”

இன்னொருத்தி, “நானும் அங்கதானுங்க இருந்தேன்” என்றாள். பிறகு இன்னொருத்தி. ஆறேழு பேர் ஆனதும் குமஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைத் துடைத்தார். ஆபீசர் ஜட்காவின் படியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சென்னிமலைப் பண்டாரத்துக்கு வேர்த்தது. “வெளக்க உட்டுட்டு எந்திரிச்சு வரலாமான்னு நான் சொல்லீர முடியாது. ஆத்தாகிட்ட பூ வாக்குக் கேக்கோணும். வெள்ளப் பூ வந்தா செரி, செவப்பு வந்தா...”

“பூவெல்லாம் கேக்க வேண்டாமுங்க,” என்றாள் மயிலாத்தாள். “நான் வெளக்க அணையாம காப்பாத்திக் குடுத்தவ. எனக்கு ஆத்தா என்ன குடுத்தாங்கன்னு எல்லாரும் பாத்தாச்சு. செவப்புப் பூவே வந்தாலும் வரட்டும். கையில தட்டத்த வெச்சுக்கிட்டு ஒருத்தியும் எந்திரிக்கப்படாது. அப்பிடி எந்திரிக்கறவ புள்ளையக் கூட்டிக்கிட்டு இந்தப் பந்தலுக்குள்ள வரப்படாது.”

அவள் குரல் உயரவே இல்லை. நாச்சம்மாள்தான் முதலில் திரும்பிப் பந்தலுக்குள் போனாள். மற்றவர்களும் போனார்கள். ஆபீசர் மறுபடி தலையசைத்தார். தப்பட்டை முழங்கியது.

இந்தத் தடவை நாச்சம்மாள் தட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். பத்தடி வந்தபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவளைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். பிள்ளை இருந்தவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்தார்கள். இல்லாதவர்கள் வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தார்கள். மூன்று நிமிஷம் முடிவதற்குள் பந்தல் காலியானது. முந்நூறு தட்டங்கள் தரையில் கிடந்தன. மறைப்புத் தட்டியைச் சுற்றி நுழைந்த காற்று மாவு உருண்டைகள் மேல் புழுதியைப் போட்டுக்கொண்டிருந்தது.

குமஸ்தா ஏழாம் காலத்து ‘இல்லை’யைக் கோடு போட்டு அடித்தார்.

“பேர் சொல்லுங்கோ.”

ஆறுச்சாமி வாயைத் திறந்தார்.

“வள்ளியாத்தா,” என்றாள் மயிலாத்தாள். “ஏளு வயசுங்க.”

குமஸ்தா எழுதினார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார். ஊருக்கு நடுவில் அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகச் சொன்னது மூன்று வருஷத்தில் அன்றுதான். விசாரணை இங்கேயே முடிந்தது என்று ஆபீசர் சொன்னதாகச் சொல்லி, உத்தரவில் கடைசி நிபந்தனையாக, மேளம் அடித்தால் ஒருவரும் கையில் தட்டத்தோடு எழக் கூடாது என்று சேர்த்தார். பொய் எழுதிய விஷயத்துக்கு ஆறுச்சாமி நோம்பி முடிந்து கச்சேரிக்கு வர வேண்டும். “வரேனுங்க” என்று அவர் மறுபடி கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து நோம்பி வரை ஐந்து நாள் ஆறுச்சாமி மனைவியோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். காளைகளைப் பார்த்துக்கொண்டார். கோயிலுக்குப் போய் வந்தார். அவள் குடிக்க மோர் கொண்டுவந்து வைத்தால், அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் எடுப்பார். மயிலாத்தாளும் ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் நடக்கும் என்று தெரிந்தேதான் அவள் மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாள். ஆனாலும் ஒரு நாள் அவர் பருத்திக்காட்டுக்கு வந்து, அவள் எடுத்துக்கொண்டிருந்த வரிசைக்கு அடுத்த வரிசையில் இறங்கிப் பஞ்சு எடுத்தார். கொத்துக்காரக் கவுண்டர் பருத்தி எடுக்கிறார் என்று கூலிக்கு வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டு பேரும் வரிசை முடியும் வரை பேசாமலே எடுத்தார்கள்.

நோம்பி நடந்தது. நானூற்றுச் சொச்சம் மாவிளக்கு ஏற்றினார்கள். மேளம் அடிக்கவில்லை, தீ பிடிக்கவில்லை. காற்றில் இருபது முப்பது விளக்கு பாதியிலேயே அணைந்தது. அதற்காக ஒருத்தியும் அழவில்லை. மயிலாத்தாள் விளக்கு எடுக்கவில்லை. தெற்கு வாசலில் கடைசிப் பெண் வெளியே வரும் வரை நின்றாள்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து, வெயில் ஏறும் நேரத்தில் காப்பு அவிழ்த்தார்கள். பண்டாரம் ஆறுச்சாமியின் மணிக்கட்டிலிருந்து முடிச்சை அவிழ்த்து, துணியைக் கிணற்றில் போட எடுத்துக்கொண்டார். இனி கொத்துக்காரர் முன்னால் நடக்க வேண்டும், மேளத்தோடு வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். வீட்டுக்காரி பத்தடி பின்னால் மற்றப் பெண்களோடு வருவாள். அதுதான் வழக்கம்.

ஆறுச்சாமி முன்னால் நடக்கவில்லை. திரும்பிப் பெண்கள் நின்ற பக்கம் வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் நனைந்து நின்ற மயிலாத்தாளுக்கு முன்னால் வந்து நின்று, “கையக் குடு, போலாம்” என்றார். கட்டியவளாக இருந்தாலும் நாலு பேர் பார்க்க ஒருத்தியின் கையை அவர் பிடித்ததில்லை. அந்த ஊரில் வேறு யாரும் பிடித்ததில்லை.

அவள் கையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகு அவளால் நிற்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, “என்ற வள்ளீ” என்று அழ ஆரம்பித்தாள். காப்பு அவிழ்த்தாகிவிட்டது, இனி யாரும் தடுக்க முடியாது. பொங்கியண்ணன் மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தோளில் துண்டில்லாமல் வேம்படியில் போய் உட்கார்ந்தார். நாச்சம்மாள் ஒப்பாரிக்குத் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்து, மயிலாத்தாளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். எல்லார் கையும் வெறும் கையாக இருந்தது. மத்தியானம் வரை அழுதார்கள்.